ஏழு வீட்டுக்குப் பங்கு வைத்த மாத்திரை

மேலப்பாளையத்தில் தறி நெய்த சேக் முகம்மதுவுக்கு மூன்று பெண்கள். நடுவில் உள்ளவள் சின்ன வயதிலேயே மவுத்தாகிப் போனாள். மிஞ்சியது மூத்தவள் ஜனாபாவும் கடைக்குட்டி ஷஃபீகாவும். ஜனாபாவின் மகன் அனஸ் சவூதியில் தம்மாமில் இருக்கிறான். ஷஃபீகாவின் மகன் ஆதில் ஜங்ஷனில் துணிக்கடையில் நிற்கிறான். அக்கா, தங்கை இருவரின் புருஷன்மாரும் இப்போது இல்லை.

அனஸின் கம்பெனியில் காய்ச்சல், தொண்டைவலி என்று போனால் ஆன்டிபயாடிக் மாத்திரை சும்மா கொடுப்பார்கள். அவனும் அறைக் கூட்டாளிகளும் இரண்டு நாள் தின்றுவிட்டு மீதியைச் சேர்த்து வைப்பார்கள். ஊருக்கு வரும்போது சோப்பு, அத்தர், பால்பவுடரோடு அதுவும் பெட்டியில் வரும். சோப்பைப் பங்கு வைப்பது போலவே ஜனாபா மாத்திரையையும் பங்கு வைப்பாள். தங்கச்சி, கொழுந்தன்மார், நாத்தனார்கள் என்று ஏழு வீடு. ஒரு வீட்டுக்குக் கூட, ஒரு வீட்டுக்குக் குறைய என்று அவள் கை போனதே கிடையாது. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இரண்டு மாத்திரை.

"சூடு விட்டுட்டுலா? நிப்பாட்டு. மிச்சம் அடுத்த வீட்டுக்கு ஆவும்" என்பாள்.

"எங்க லாத்தா ஆஸ்பத்திரியில சீட்டு கிடையாது, ஊசி கிடையாது. தண்ணி மட்டும் நாம கொண்டு போவணும்" என்று ஷஃபீகா அக்காளைக் கேலி பேசுவாள். ஆனால் அதிகம் வாங்கித் தின்றவள் அவள்தான். சர்க்கரை உடம்பு. காலில் புண் வரும், இரண்டு மாத்திரையில் வாடும், கொஞ்ச நாளில் மறுபடி கிளம்பும். நான்கு வருஷம் இப்படியே ஓடியது.

போன ஐப்பசி மழையில் இடது கால் பெருவிரலில் வந்த புண் வாடவில்லை. இரண்டு, நான்கு, ஆறு மாத்திரை போயிற்று. பாதம் கறுத்துக் குளிர் நடுக்கம் கண்ட பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்ததும் டாக்டர் டெபோரா ஜனாபாவையும் ஆதிலையும் வெளியே கூப்பிட்டார்.

"அம்மா, இந்தக் கிருமிக்குப் பதினாறு மருந்து வச்சுப் பாத்திருக்கு. பதினஞ்சுக்கு அது அசையல. ஒண்ணுதான் மிச்சம், அதுவும் கிட்னிக்கு ஆகாது. முன்னால என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

ஜனாபா ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் சோதனைத் தாளை மடித்துக்கொண்டே விளக்கினார்.

"ரெண்டு மாத்திரையில சூடு விட்டுரும். கிருமி முழுசும் சாகாது. தப்பினது பெருகி, அடுத்த தடவை அந்த மருந்தையே மதிக்காது. உங்களால மட்டும் வந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஊரெல்லாம், தேசமெல்லாம் இப்படித்தான் நடக்கு. இப்ப காலை எடுத்தாத்தான் ஆளைக் காப்பாத்தலாம்."

மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தக் காலைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? ஆதில் அதை வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய், கபர்ஸ்தானில் சேக் முகம்மதுவின் பக்கத்தில் அடக்கிவிட்டு வந்தான்.

மயக்கம் தெளிந்த ஷஃபீகா, "காலை எங்கன வச்சான்?" என்று கேட்டாள்.

"வாப்பா பக்கத்துல" என்றாள் ஜனாபா.

"நான் இங்கன கெடக்கேன். காலு முந்திட்டு."

ஜனாபாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஏளா, டாக்டரம்மா சொன்னாவ. நான் குடுத்த மாத்திரையாலதான்..."

"காலை எடுக்க முந்தியே ஆதில் சொன்னான்." ஷஃபீகா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உம்மேல கோவமாத்தான் இருக்கு. இருக்கட்டும். நீ போயிராத."

ஜனாபா போகவில்லை. மிச்சமிருந்த அந்த ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. படுத்தபடியே தொழ வேண்டும் என்றாள் ஷஃபீகா. ஜனாபா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து தங்கச்சிக்கு ஒளு எடுத்துவிட்டாள். முகம், கை கழுவி, தலை தடவி, வலது காலைக் கரண்டை வரை கழுவினாள். அடுத்த காலுக்கென்று கை தானாகத் தண்ணீரை அள்ளிவிட்டது. அள்ளியதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

ஷஃபீகா அதைப் பார்த்தாள்.

"கிண்ணத்துலயே ஊத்து, லாத்தா. தொழுகைக்கு நேரமாவுது."