‘ஓம்’ மட்டும் மிஞ்சியவன்

கறுப்புக் கோட்டுப் போட்டால் மூளையும் வளரும் என்று நம்பிய முட்டாள் நான். ஐம்பதுகளின் கடைசியில் வவுனியாப் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கோட்டுக்குள் வளர்ந்தது வியர்வைதான். என் உத்தியோகமே ஒரு பகிடி. நீதவானும் தமிழர், கூண்டில் நிற்பவர்களும் தமிழர். வீட்டில் சமையற்காரனைச் சுத்தத் தமிழில் ஏசும் அந்தப் பெருமானுக்கு, ஆசனத்தில் ஏறியதும் தமிழ் மறந்துவிடும். நடுவில் நின்று நான் ஆங்கிலத்தில் ஓதுவேன்.

அன்று கூண்டில் நின்றவன் வட்டக்கச்சிக் குடியேற்றத்திட்டத்துப் பொடியன், மீசை அரும்பும் வயது. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். உயிர் தப்பியது, பேச்சில் ஆமென்று சொல்லும் ‘ஓம்’ ஒன்றுதான் மிஞ்சியது. இப்போது அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம். அன்று எங்களிடம் இருந்த பெயர், கள்ளன். அதிகாரி எதைக் கேட்டாலும் ‘ஓம்’ போடுவது குடியேற்றத்திட்டத்து மரியாதை என்பதால், அவனைப் பணிவான பிள்ளை என்றே எல்லா அதிகாரிகளும் நினைத்தார்கள். வாய்க்கால் கதவின் இரும்புச் சக்கரம் காணாமற்போனதும் பொலிஸ் அவனைப் பிடித்துக் கேட்டது.

“நீயோடா எடுத்தனி?”

“ஓம்.”

“தனியவோ?”

“ஓம்.”

“ஆக்களோடையோ?”

“ஓம்.”

இரண்டும் எப்படி உண்மையாகும் என்று யோசிக்க அந்த நிலையத்தில் ஒரு தலை இருக்கவில்லை. அங்கே தொப்பிகள்தான் இருந்தன.

நீதிமன்றத்திலும் அதே பூசை. அவனை மறியற்சிறைக்கு அனுப்பப்போன நேரம், அவனுடைய அக்கா பின்வாங்கிலிருந்து எழுந்தாள்.

“ஐயா, அவனுக்குக் கதை வராது. நீதவான் ஐயாவின்ரை காரைக் களவெடுத்ததும் நீயோ எண்டு கேட்டுப் பாருங்கோ. கார் வெளியிலை நிக்குது!”

நீதவான் தலையசைத்தார். கேட்டேன். பொடியனின் உதடு வேறெதற்கோ குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கியது. வந்தது, “ஓம்.”

வென்றுவிட்டோம் என்ற நினைப்பில், அந்த ஒரு சொல்லை ஏற்ற இறக்கத்தோடு ஆங்கிலத்தில் பாடினேன். நீதவான் சேவகனை அனுப்பி, கார் நிற்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். நின்றது. ஆகவே பொடியன் நீதிமன்றத்தைப் பகிடி பண்ணுகிறான் என்று அந்த அறிவுக்கொழுந்து கண்டுபிடித்து, அவனை மறியலுக்கே அனுப்பியது.

வாசலில் அக்கா நின்றாள். தம்பியை ஏற்றிய வண்டியின் புழுதி அடங்கவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “கவலைப்படாதை தங்கச்சி, வழக்கின்ரை அடுத்த தவணைக்கு இன்னும் திறமான இங்கிலீசிலை சொல்லுறன்” என்றேன்.

“அவனுக்குத் தலையிலை அடிபட்டது, உங்களுக்கெல்லாம் என்ன நடந்தது?”