கதிரைக் கையில் ஒரு பல் தடம்

அப்பா சாய்ந்திருக்கும் பழைய மரக் கதிரையைத் திருத்த வந்த ஆசாரியார் அதன் கையைத் தடவிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கு அக்கா. சீவி விடவோ?"

அப்பா பல் தடம் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். தென்னங்குரும்பையைக் குடைந்தது எலி. மாம்பழத்தை அரைகுறையாக விட்டுப்போனது அணில். மரவள்ளிக் கிழங்கை மண்ணுக்குள்ளேயே தின்று முடித்தது பெருச்சாளி. குளிக்கிற சவர்க்காரத்தில் மெல்லிய கீறல் என்றால் சுண்டெலி.

சின்ன வயதில், தேர் பார்க்கக் கூட்டிப்போகாத கோபத்தில் ஒருநாள் நான் இந்தக் கதிரையைக் கடித்துவிட்டு, எலி என்று சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஓம், எலிதான். ஆனா உந்த எலிக்கு ஒரு முன்பல்லு விழுந்திட்டுது, பிள்ளை."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

இப்போது ஆசாரியார் சீவுளியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அதை விடுங்கோ," என்றேன். "அந்த எலி இன்னும் இந்த வீட்டிலைதான் இருக்கு."