பார்க்காத தண்ணீர்

பத்மப்ரியா தேர்வில் ஒரு கேள்வியையும் விட்டுவைத்ததில்லை. தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவை, பாதி மார்க்காவது விழும் என்று சேலத்துப் பள்ளியில் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். அந்தப் பழக்கமும் அவளோடு விமானம் ஏறி ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு வந்துவிட்டது.

இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கனடாவின் வடகோடியில், சாலையே எட்டாத ஒரு நதியை நூறு வருடத்துக்கு முன் ஒரு நில அளவையாளர் படகில் போய் வரைந்திருந்தார். அந்தத் தாள்களைக் கணினியில் ஒரே வரைபடமாக்குவதுதான் அவள் வேலை. நதியின் வளைவுகளைச் செயற்கைக்கோளே காட்டிவிடும். தண்ணீர் எங்கே சாது, எங்கே மூர்க்கம் என்பதற்கு அந்த மனிதர் போட்ட குறிகளைத்தான் நம்பியிருந்தாள்.

ஓரிடத்தில் குறியே இல்லை. "படகைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாகச் சுற்றிப் போனோம். இங்கே தண்ணீரைப் பார்க்கவில்லை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். வேடிக்கைக்கா ஒருவர் படகைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பார்? அதை யோசிக்க நம் பெண்ணுக்கு நேரமில்லை. மேலேயும் கீழேயும் அமைதி, நடுவிலும் அமைதியாகத்தான் இருக்கும் என்று சாதுவான தண்ணீருக்கு உரிய இளநீலத்தைப் பூசிவிட்டாள்.

பல்கலைக்கழகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில் வரைபடம் சுவரேறியது. பேராசிரியர் பெருமையோடு பக்கத்தில் நின்றார். நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன் பெண்மணி வந்து அதே இளநீலத்தில் விரலை வைத்தார்.

"ஜூலையில் நானும் என் கணவரும் இந்த நதியில் படகு விடப்போகிறோம். இங்கே படகை விட்டு இறங்காமல் போய்விடலாம் இல்லையா?"

பத்மப்ரியாவுக்கு முகம் எரிந்தது. உடன் ஆராய்ச்சி செய்யும் சுதீர் காதருகே குனிந்தான்.

"விடு பத்மா. வேற மேப்பும் பாத்துட்டுத்தான் போவாங்க. ப்ரொஃபசர் நிக்கிறார்."

"இத நம்பி படகு விடப்போறாங்கடா."

தான் முதலில் நினைத்தது தன் பட்டத்தைப் பற்றித்தான், இவர்கள் உயிரைப் பற்றி இல்லை என்பது உறைத்தபோது அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. பேராசிரியர் கேட்கும்படியே ஜெர்மனில் சொன்னாள்: "அங்கே படகை விட்டு இறங்கிவிடுங்கள். அந்த நீலம் நானாகப் போட்டது."

பெண்மணி கோபப்படவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "நல்லவேளை, சொன்னீர்கள். வேறு எங்கெல்லாம் நீங்களாகப் போட்டீர்கள்? குறித்துக்கொள்கிறேன்."

பத்மப்ரியா சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை நீலம். குறி இல்லாத இடத்திலெல்லாம் இப்படித்தான் பூசிக்கொண்டே போயிருந்தாள். எது அந்த அளவையாளர் பார்த்தது, எது தான் பூசியது?

"நினைவில்லை. எதையும் நம்பாதீர்கள்" என்றாள்.