முதுகில் கட்டிய கறுப்புக் குடை

இதைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், கோபத்தோடு எழுதுவது நாகரிகம் அன்று என்பதை அறிவேன். அது தணியட்டும் என்று காத்திருந்தும் பார்த்தேன். தணியவில்லை. ஆகவே அதனோடேயே எழுதுகிறேன்.

ஆவடியை அடுத்த எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்தே செல்லும் குழு ஒன்று உண்டு. மாதா சுரூபம் வைத்த சிறு தேரைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வோம். சென்ற ஆண்டு நான் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் கிடந்தபோது, நான் பிழைத்து எழுந்தால் நடந்தே வருவதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். நான் எழுந்துவிட்டேன். இவ்வாண்டு அவள் நடந்தாக வேண்டும். துணைக்கு நானும் நடப்பதென்று முடிவு செய்தேன்.

குழுவில் ஒரு வழக்கம். வழியில் ஒருமுறை வண்டியில் ஏறியவரின் நேர்ச்சை முறிந்ததாகவே கொள்வார்கள். கோயில் எல்லையில் தேர்க்கயிற்றைத் தொட அவருக்கு உரிமை கிடையாது.

என் மனைவிக்கு வெயில் ஆகாது, தலை சுற்றும். முன்பு விழுந்து முறிந்த இடக்கை தோளுக்கு மேல் எழாது. முழங்கால் வலிக்காக வலக்கையில் கோல். குடை பிடிக்க அவளுக்கு மூன்றாவது கை ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பொட்டலம் கட்டும் பிரிவிலேயே என் உழைப்புக் காலம் கழிந்தது. கட்டுவது எனக்குத் தெரியும். பழைய பள்ளிப்பை ஒன்றின் முதுகுப்புறத்தில் ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயைத் தைத்தேன். என் கறுப்புக் குடையின் வளைந்த பிடியை அறுத்தெடுத்துவிட்டுத் தண்டைக் குழாயில் செருகி, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கினேன். காற்றில் குடை மல்லாந்துவிடாதபடி கம்பி முனைகளிலிருந்து இடுப்புக்குக் கயிறு கொடுத்தேன். அவள் அதை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்து பார்த்தாள். மழை வந்தாலும் இனிக் கவலையில்லை என்றாள்.

புறப்பட்ட காலையில் தேர் இழுத்த இளைஞர்களில் ஒருவன், "மாமே, டிஷ் ஆண்டெனா நடந்து வருது பாரு. சிக்னல் கிடைக்குதான்னு கேளு" என்றான்.

"கிடைக்குது நைனா. உன் பேச்சு மட்டுந்தான் இரைச்சலா கீது" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தோம். அது குற்றமில்லாத கேலி.

பூந்தமல்லியில்தான் குழுத் தலைவர் எங்களைப் பார்த்தார். அவர் எங்களோடு நடப்பவர் அல்லர். ஏற்பாடுகளைக் கவனிப்பதாகச் சொல்லி வேனில் முன்னே செல்பவர். பந்தல் போடுவது அவர் தொழில். ஊருக்கெல்லாம் வாடகைக்கு நிழல் தருகிற அந்த மனிதர், தவப் பயணத்தில் சொகுசு கூடாது என்றும், பயணத்தைப் படமெடுக்கும் வீடியோவில் குடை அசிங்கமாகத் தெரிகிறது என்றும் சொல்லி, அதைக் கழற்றச் சொன்னார். அவள் கையின் நிலையை நான் விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை.

என் மனைவி தேரைக் காட்டினாள். சுரூபத்தின் மேல் சரிகை வைத்த வெல்வெட்டுக் குடை நின்றிருந்தது. "மாதா தலைக்கு மேல குடை கீதே தம்பி. அதையும் கயட்டிடுவியா?"

"அது மாதாவுக்கு மரியாதக்கா. நீ இன்னா மாதாவா?"

அவள் சண்டை வேண்டாம் என்று தானே பையைக் கழற்றிக் கொடுத்தாள். குடை வேனுக்குள் போயிற்று.

குன்றத்தூர்ச் சாலையில், உச்சி வெயிலில், ஒரு பஞ்சர் கடை வாசலில் அவள் விழுந்தாள். கடைக்காரர் தண்ணீர் தெளித்தார். நினைவு திரும்புமுன் அவளைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். நானும் ஏறினேன். மதியம் தங்கவிருந்த மண்டபத்தில் கண் விழித்தவள் முதலில் கேட்டது, தான் எப்படி அங்கே வந்தாள் என்பதைத்தான். நான் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் மழை பிடித்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். திறந்தவெளியில் நின்ற ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் என் கறுப்புக் குடையை விரித்து, நான் வெட்டிய டியூப் நாடாவாலேயே கட்டியிருந்தார்கள். பெட்டி நனையக் கூடாதாம்.

தலைவர் உள்ளே வந்து, வண்டியில் ஏறியதால் நேர்ச்சை முறிந்துவிட்டது, இனிப் பேருந்தில் வந்து சேர்ந்தால் போதும் என்றார். ஆறுதல் சொல்வது போலவே சொன்னார். அவர் போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "இன்னாங்க, அந்தப் பஞ்சர் கடைக்கு எந்த பஸ்ஸு போவும்?"

நான் வெளியே போய்க் குடையை அவிழ்த்தேன். "பொட்டி நனையுது அண்ணாத்தே" என்று ஒருவர் குரல் கொடுத்தார். நனையட்டும் என்றேன்.

மறுநாள் காலை பேருந்தில் திரும்பிச் சென்று, அவள் விழுந்த அதே வாசலில் இறங்கினோம். கடைக்காரர் அடையாளம் கண்டு தேநீர் வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து அவள் குடையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வெயில் ஏறுமுன் நடந்து, களைத்த இடத்தில் தங்கி, குழு ஊர் திரும்பிய பிறகே வேளாங்கண்ணியை அடைந்தோம். தேரும் இல்லை, கயிறும் இல்லை. கோல் ஊன்றியபடியே கோயிலுக்குள் போனாள்.

நாங்கள் ஊர் திரும்பியபின் எங்கள் பங்குக் கோயிலில் நன்றித் திருப்பலி முடிந்ததும், நடந்து வந்தவர்களைச் சால்வை போர்த்துவதற்காக முன்னே அழைத்தார்கள். அவளும் எழுந்தாள். "வண்டில வந்தவங்க உக்காருங்க" என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். அதே பெட்டி, மழையில் பழுதாகவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

சால்வையை நாங்கள் வேண்டவில்லை. ஆனால் எனக்காக நேர்ந்துகொண்டவள் ஓர் அடியும் குறையாமல் நடந்து முடித்தாள். அதை அறிந்தவர்கள் நானும் அந்தப் பஞ்சர் கடைக்காரரும் மட்டுமே, நானோ வயதானவன். ஐயா, அம்மையீர், இந்த எழுத்தைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.