சூப்பிரண்டு விட்ட கட்டம்

டிரைவர் சம்சாரம் மருந்துக்கடையிலிருந்து பை நிறைய மாத்திரையோடு வருவதைப் பார்த்தாலே பக்கத்து வீட்டுச் சூப்பிரண்டு சம்சாரத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். காப்பீட்டுக் கார்டை நீட்டுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள், வாங்கிக்கொண்டு கிளம்புகிறாள். அவ்வளவுதான். இவளுக்கோ வீசிங். இன்ஹேலர் காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை என்றார் டாக்டர். விற்கிற விலைக்குக் காலை வேளையோடு சரி. சாயங்காலமானால் துணி மடிக்கக்கூட மூச்சு முட்டும்.

பொறாமைப்படாமல் என்ன செய்வாள்? டிரைவர் ரிட்டயர் ஆனபோது அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததே இவள் வீட்டுக்காரர்தானே! அப்போது பென்ஷன் பிரிவில் சூப்பிரண்டு. வந்தவன் போனவனிடமெல்லாம், "மருந்துக் காப்பீட்டுக்கு டிக் போடுய்யா, வயசான காலத்துல கைகொடுக்கும்" என்று அடித்துச் சொன்ன மனுஷன். தான் ரிட்டயர் ஆனபோது தன் படிவத்தில் மட்டும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு டிக் போட்டுவிட்டு, மருந்துக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். "நம்ம வீட்ல மருந்துக்குக்கூட ஒரு நோயாளி இல்லியே, பென்ஷன்ல எதுக்குப் பிடிக்கணும்?" என்றாராம். மகா கெட்டிக்காரர்!

விட்டவர்கள் சேர்ந்துகொள்ள இந்த வருஷம் ஒரே ஒரு மாசம் அவகாசம் கொடுத்தார்கள். ஓய்வூதியரே நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். இதை விட்டால் அப்புறம் கிடையாது. சூப்பிரண்டு அசையவில்லை.

"என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன்தான் இப்ப அந்த சீட்ல இருக்கான். அவன் முன்னாடி போய், தப்பு பண்ணிட்டேன்னு நிக்கவா?"

"நான் மூச்சு வாங்கறது உங்களுக்குப் பரவாயில்லையா?"

பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பத்து நாள் கரடியாகக் கத்தினாள். அழுதாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். ம்ஹூம்.

கடைசி நாள் காலையில் டிரைவர் சம்சாரம் உள்ளே வந்தாள். "சார், கிளம்புங்க. அக்கா இருமறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. எங்க வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்காரு."

சூப்பிரண்டு பேப்பரை மடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆபீசில் அந்தப் பழைய சிஷ்யன் எழுந்து நாற்காலி போட்டான். கால் மணியில் வேலை முடிந்தது. அடுத்த மாசத்திலிருந்து மருந்து உண்டு. சூப்பிரண்டு சம்சாரத்துக்கு வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கவேண்டும்; ஆனால் மனசில் ஒன்று குடைந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள்.

"நான் பத்து நாள் தொண்டை கிழியச் சொன்னேன். அவ ஒரு வார்த்தை சொன்னதும் கிளம்பிட்டீங்களே?"

அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீ சொன்னா நம்ம வீட்டுக்குள்ளதானே. வெளியில கேக்குதுன்னு அவ சொன்னதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவளுக்கு இருமல் வந்தது. அடுத்த வீட்டுக்குக் கேட்காதபடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.