எங்களுக்குக் கோத்திரம் வந்த கதை

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆதி இந்தியச் சமூகமும் சமயமும் என் பாடம். நான் எழுதிய ஒரே தடித்த புத்தகம் கோத்திரத்தைப் பற்றியது. மாட்டுத் தொழுவத்தைக் குறித்த ஒரு சொல் எப்படிக் குலத்தின் பெயரானது, நேற்றுவரை அடுத்தவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன் ஒரு வேள்வி முடிந்ததும் எப்படிச் சூரியனுக்குப் பேரன் ஆனான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பேரனுக்கு வம்சம் எழுதிக் கொடுத்த புரோகிதர்களை நான் சும்மா விடவில்லை. 'கூசாமல் பொய் வம்சம் கட்டியவர்கள்' என்று எழுதினேன். அப்படிக் கட்டியதை ஊர் நம்புவதற்கு மூன்று தலைமுறையாவது ஆகும் என்றும் எழுதினேன். மதிப்புரை எழுதிய ஒருவர், ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தாரா என்று கேட்டிருந்தார். அந்த எரிச்சல் எனக்கு நெடுநாள் ஆறவில்லை.

வீட்டில் இந்தப் படிப்புக்கு மரியாதை குறைவு. மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், வேத காலத்தில் விருந்தாளி வந்தால் வீட்டுப் பசுவுக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கினேன். இரண்டு குடும்பங்கள் சாப்பிடாமலே லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டன. அன்றிலிருந்து விசேஷங்களில் என் மனைவி என்னை ஒட்டியே உட்காருகிறாள். அவளுக்கு நகம் கூர்மை.

தன் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள், குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடைக்கு என்னைத் தனியாக அழைத்துப் போனாள். பதிவுத் திருமணம் முன்பே முடிந்து, தெம்பனிஸில் வீட்டுச் சாவியும் வாங்கிவிட்டார்கள். அரசாங்க வீட்டு விண்ணப்பத்தில் எல்லாம் கேட்டிருந்தார்கள், கோத்திரத்தைத் தவிர. ஆனால் மாப்பிள்ளைக்கு அதெல்லாம் காகிதம்தான். அவர் யாழ்ப்பாண வழிக் குடும்பம். சிறு வயதில் அப்பாவை இழந்தவரை வளர்த்து ஆளாக்கியவர் பெரியப்பா. அந்தப் பெரியவர் மனம் நிறைந்து அட்சதை போட்டால்தான் மாப்பிள்ளைக்கு அது கல்யாணம்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மண்டபத்துல லெக்சர் மட்டும் வேணாம் லா. பெரியப்பா கோவிச்சுட்டு எழுந்து போயிட்டா இவரு தாங்க மாட்டாரு."

சிரிக்காமல் கேட்டாள். நான் பெற்ற பெண் என் வாயை நினைத்துப் பயப்படுகிறாள் என்பது எனக்கு வலித்தது. வாயே திறக்க மாட்டேன் என்று கோப்பியின் மேல் சத்தியம் செய்தேன்.

தேக்காவுக்குப் பக்கத்தில் மண்டபம். சடங்கு நன்றாகத்தான் போனது. நானும் அரைமணி நேரம் பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தேன். அப்போது குருக்கள் என் பக்கம் திரும்பி, "கோத்திரம்?" என்றார்.

நானூறு பக்கம் எழுதியவனுக்குத் தன் கோத்திரம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. என் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே கிடையாது. தெரியாது என்றேன். குருக்களுக்கு இது புதிதல்ல. சிவகோத்திரம் என்று போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். அவர்களும் விழித்தார்கள். அவர்களுக்கும் சிவகோத்திரம் கிடைத்தது.

எனக்கு நாக்கு அரித்தது. ஒரே கோத்திரத்துக்குள் பெண் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும். அந்த மண்டபத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். மனைவியின் நகம் என் தொடைக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பெரியப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் நிரப்பிய படிவத்தில் பிழை பார்த்தவர். அவர் விடுவாரா?

"ரெண்டு பக்கமும் ஒரே கோத்திரமெண்டா, முறை சரியா ஐயா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்தினார். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார்; முகூர்த்தம் முடிய அதிக நேரமில்லை. பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழப் போனார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வாரம் முன்பு என்னை வாய் மூடச் சொன்ன அதே கண்கள் இப்போது பேசச் சொல்லிக் கெஞ்சின. மனைவியின் நகமும் விலகிக்கொண்டது.

கோத்திரம் என்பதே மனிதர் கட்டியது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு நாற்பது நிமிடமும் ஒரு வெள்ளைப் பலகையும் வேண்டும்.

"சாமி, மன்னிக்கணும். இப்பதான் ஞாபகம் வருது. நாங்க விஷ்ணு கோத்திரம்."

பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "உறுதியா தெரியுமோ?"

"இதப் பத்தி நான் புக்கே எழுதியிருக்கேன்."

இரண்டாவது சொன்னது உண்மை. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். குருக்கள் விட்ட மூச்சில் ஹோமத் தீயே ஆடியது. தாலி ஏறியது. பெரியவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் அட்சதை போட்டார். மாப்பிள்ளை அழுதார். எனக்கும் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பந்தியில் எனக்கு நேர் எதிரே என் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தி வீட்டு அம்மாளிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாங்க பரம்பரையா விஷ்ணு கோத்திரம். எங்கப்பா அடிக்கடி சொல்லுவாரு."

பாயசம் இன்னும் வரவில்லை. மூன்று தலைமுறை என்று நான் எழுதியது அங்கேயே அடிபட்டுப் போனது. மகள் மணமேடையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அப்பளத்தை உடைத்தேன்.

புத்தகம் இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. அந்தக் கால அளவைத் திருத்திவிட்டேன். 'கூசாமல்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அந்தப் புரோகிதர்களில் சிலர் பெண்ணைப் பெற்றவர்களாகவும் இருந்திருப்பார்கள்.