ஒரு தரம் அடித்தால் வெற்றி

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் டொரோண்டோவில் எங்கள் மோர்னிங்சைட் வீட்டு ரீவியில் செய்தி மட்டுமே ஓடியது.

"அங்கை சனம் சாகுது, உனக்கு பேஸ்போல் கேக்குதோ?" என்பார் அப்பா.

அதனால் ஆட்டம் முடிந்ததும் பள்ளித் தோழன் எங்கள் வீட்டுக்குப் போன் அடித்து வைப்பான். ஒரு தரம் அடித்தால் டொரோண்டோ அணி வென்றது, இரண்டு தரமென்றால் தோற்றது. வன்னியிலிருந்த சித்தியின் அழைப்புக்காகக் காத்திருந்த அம்மா ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் ஏமாந்தார். பிறகு எங்கள் கணக்கு அவருக்கும் பழகிவிட்டது.

ஒரு மாலை போன் ஒரு தரம் அடித்து நின்றது. அம்மா எழும்பவில்லை.

"உன்ரை ஆக்கள் வெண்டிட்டாங்கள் போல," என்று மெல்லச் சிரித்தார்.

நேற்று ஆட்டமே இல்லை, தான் அழைக்கவுமில்லை என்று தோழன் மறுநாள் சொன்னான். சித்தி பிறகு அழைக்கவேயில்லை.

சனியன் பிடித்த அணி, இன்றும் என்ரை அணி அதுதான். அது வென்றால் அம்மா எழும்பி அறைக்குள் போய்விடுகிறார்.